நெடுநாள் இடைவெளிக்குப் பின் ஒரு நாள் மலைநடை: செட்பர் ஊரிலிருந்து தி காஃப் உச்சி வரை

ஒரு காலத்தில் இங்கிலாந்தின் வட மலைகளில் வார இறுதிதோறும் நடந்து, பிறகு வேலை, குழந்தைகள், முழங்கால் வலி என ஏதோ ஒரு காரணத்தால் பல ஆண்டுகள் விலகியிருந்து, இப்போது மீண்டும் ஏற நினைப்பவர்களுக்காக இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. முதல்முறை ஏறுபவர் பயந்து பயந்து கேட்டுக்கொண்டு வருவதால் பெரும்பாலும் பத்திரமாகவே திரும்புகிறார். திரும்பி வருபவரோ பழைய வேகத்தையும் பழைய காலணியையும் நம்பிப் புறப்படுகிறார். அவர் இடறுவதை நான் அதிகம் கண்டிருக்கிறேன்.

நடைக்கு நான் எடுத்துக்கொண்டிருப்பது கம்ப்ரியா மாவட்டத்தின் ஹவ்கில் ஃபெல்ஸ். லேக் டிஸ்ட்ரிக்ட்டின் புகழ்பெற்ற உச்சிகளில் கூட்டம் நெரியும் நாளிலும் இந்தப் புல்மலைகளில் ஆள் நடமாட்டம் குறைவு. செட்பர் ஊரிலிருந்து விண்டர் (473 மீட்டர்), ஆரண்ட் ஹா (605 மீட்டர்), கால்டர்ஸ் (674 மீட்டர்) வழியாக தி காஃப் (676 மீட்டர்) உச்சிக்குச் சென்று அதே வழியில் திரும்புவதே திட்டம். போக வர சுமார் 14 கிலோமீட்டர். மொத்த ஏற்றம் சுமார் 700 மீட்டர். பாறை ஏற வேண்டியதில்லை. பாதை பெரும்பாலும் அகலமானது. எந்த இடத்திலிருந்தும் வந்த வழியே திரும்பலாம். நெடுநாள் கழித்து நடப்பவருக்கு இந்தக் கடைசி வசதிதான் முக்கியம். வட்டப் பாதையில் பாதி தூரத்தைக் கடந்த பிறகு களைப்பு வந்தால், முன்னே போவதும் பின்னே போவதும் ஒரே தொலைவாகிவிடும்.

1. ஆறு வாரங்களுக்கு முன்: கால்களை இறக்கத்துக்குப் பழக்குங்கள்

பலரும் மூச்சைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். தட்டையான சாலையில் வேகமாக நடந்து, மூச்சு வாங்கவில்லை என்றால் தயாராகிவிட்டதாக முடிவு செய்கிறார்கள். மூச்சு சில வாரங்களில் மீண்டுவிடும். தசைநாண்களும் தொடையின் முன்பக்கத் தசைகளும் அவ்வளவு விரைவில் மீள்வதில்லை. இறங்கும்போது அந்தத் தசைகள் நீண்டுகொண்டே உடல் எடையைத் தாங்க வேண்டும். தட்டையான நடையில் இந்த வேலையே கிடையாது.

எனவே படிக்கட்டுகளைத் தேடுங்கள். வாரம் மூன்று நாள், இருபது நிமிடம், ஏறுவதைவிட மெதுவாக இறங்குங்கள். மூன்றாவது வாரத்திலிருந்து, மலைக்குக் கொண்டுபோகப் போகும் பையையே அதே எடையுடன் சுமந்து செய்யுங்கள். கடைசி வாரத்தில் கடும் பயிற்சி வேண்டாம். சோர்ந்த கால்களோடு மலைக்குப் போவதில் பயனில்லை.

இதய நோய், இரத்த அழுத்தம், நீரிழிவு உள்ளவர்கள் இந்தக் கட்டத்திலேயே மருத்துவரிடம் பேசிவிட வேண்டும். நம்மவர்களில் நீரிழிவு அதிகம் என்பதால் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: இன்சுலினோ சர்க்கரையைக் குறைக்கும் சில மாத்திரைகளோ எடுப்பவருக்கு, பல மணி நேர ஏற்றத்தின்போது மட்டுமல்லாமல் அன்றிரவும் சர்க்கரை இறங்கக்கூடும். அன்றைய மருந்தின் அளவை என்ன செய்வது என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

2. மூன்று வாரங்களுக்கு முன்: பரண் பொருள்களைச் சோதியுங்கள்

இதை முந்தைய நாள் இரவு செய்வதுதான் நான் காணும் மிகப் பொதுவான தவறு. மூன்று வாரம் முன்பே செய்யச் சொல்வதற்குக் காரணம், பழுது தெரிந்தால் புதியது வாங்கவும், வாங்கியதை அணிந்து பழகவும் நேரம் வேண்டும் என்பதே.

காலணியிலிருந்து தொடங்குங்கள். மலைக் காலணிகள் பலவற்றின் நடு அடிப்பகுதி பாலியூரிதேன் என்னும் பொருளால் ஆனது. அது காற்றிலுள்ள ஈரத்தால் ஆண்டுக்கணக்கில் மெல்லச் சிதைகிறது; அணியாமல் பெட்டியில் வைத்திருந்தாலும் சிதைகிறது. மேல்தோல் புதிது போல் மின்னும்; மலையில் இரண்டாவது மணி நேரத்தில் அடிப்பகுதி முழுதாகக் கழன்று தொங்கும். காலணியை இரு கையாலும் நன்றாக வளைத்துப் பாருங்கள். அடிப்பக்க ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். வெடிப்போ, பொடி உதிர்வதோ, ஒட்டுமிடத்தில் இடைவெளியோ தெரிந்தால் அதை நம்பக் கூடாது. ஒன்றும் தெரியாவிட்டாலும் வீட்டருகே ஓர் ஈரமான நாளில் எட்டு, பத்து கிலோமீட்டர் நடந்து பார்த்த பிறகே மலைக்குக் கொண்டுபோங்கள். வயதாக ஆகப் பாதம் சற்று அகலமாவது உண்டு. அன்று பொருந்திய அளவு இன்று விரலைக் கடிக்கிறதா என்பதும் அந்த நடையில் தெரிந்துவிடும்.

மழைச் சட்டையின் மேல் கொஞ்சம் நீர் ஊற்றுங்கள். நீர் முத்து முத்தாக உருண்டு ஓடாமல் துணியில் ஊறிப் பரவினால், மழைச் சட்டைகளுக்கான சோப்புத் திரவத்தில் துவைத்து, நீர்விலக்குப் பூச்சை மறுபடி ஏற்ற வேண்டும். சாதாரண சலவைத்தூள் அந்தப் பூச்சைக் கெடுக்கும். உட்புறத் தையல்களின் மேல் ஒட்டிய பட்டை உரிந்து வந்தால் அந்தச் சட்டையின் காலம் முடிந்தது.

தலைவிளக்கைத் திறந்து, பழைய பேட்டரி கசிந்திருக்கிறதா என்று பாருங்கள். திசைகாட்டியின் சிவப்பு முனை உண்மையிலேயே வடக்கைக் காட்டுகிறதா என்பதையும் உறுதி செய்யுங்கள். கைபேசி, அதன் காந்த உறை, ஒலிபெருக்கி போன்றவற்றின் அருகில் நெடுநாள் கிடந்த திசைகாட்டியின் முள் தலைகீழாகக் காந்தமேறிவிடக்கூடும். அப்போது அது தெற்கை வடக்கென்று காட்டும். உங்கள் தெரு எந்தத் திசையில் ஓடுகிறது என்பது தெரிந்திருந்தால் ஒரு நிமிடத்தில் சோதித்துவிடலாம். மூடுபனியில் கண்டுபிடித்தால் காலம் கடந்திருக்கும்.

3. பாதையை முதலில் வரைபடத்தில் நடந்து பாருங்கள்

இந்த மலைகளுக்கு, பிரிட்டனின் அரசு வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் எக்ஸ்ப்ளோரர் வரிசையில் ஓ.எல். 19 என்னும் வரைபடம் வேண்டும். அதன் அளவு 1:25,000. அதாவது வரைபடத்தில் 4 சென்டிமீட்டர், தரையில் 1 கிலோமீட்டர். கைபேசிச் செயலியில் அதே வரைபடத்தை இறக்கி வைத்துக்கொள்வது நல்லதுதான், ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம்: பள்ளங்களில் சிக்னல் கிடைக்காது, குளிரில் பேட்டரி விரைவாக இறங்கும், நனைந்த விரலைத் தொடுதிரை ஏற்காது.

இப்போது நேரத்தைக் கணக்கிடுங்கள். 1892-இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி வகுத்த விதி இன்றும் அடிப்படையாக உதவுகிறது: ஒவ்வொரு 5 கிலோமீட்டருக்கும் ஒரு மணி நேரம், அதன் மேல் ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். நம் பாதைக்கு அது சுமார் 4 மணி நேரம் என்று வரும். ஆனால் அது நல்ல உடல்திறனுடன் ஓய்வின்றி நடப்பவரின் கணக்கு. நெடுநாள் கழித்து வருபவர் அதில் பாதியைக் கூட்டிக்கொள்ள வேண்டும். ஆக 6 மணி. ஓய்வுக்கும் உணவுக்கும் ஒரு மணி சேர்த்தால் 7. காலை 9 மணிக்குப் புறப்பட்டால் மாலை 4 மணிக்கு ஊர் திரும்பலாம்.

மொத்தத்தை மட்டும் கணக்கிட்டு விட்டுவிடாதீர்கள். கட்டம் கட்டமாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். விண்டர் உச்சிக்கு 1 மணி 40 நிமிடம். தி காஃப் உச்சிக்குப் பிற்பகல் 12.45, எந்த நிலையிலும் திரும்பத் தொடங்க வேண்டிய நேரம் பிற்பகல் 1.15. இந்தத் தாள்தான் மலையில் உங்களுக்கு உண்மை சொல்லும். களைத்த மனம் எப்போதும் 'இன்னும் கொஞ்சம்தான்' என்றே சொல்லும்.

தி காஃபிலிருந்து கிழக்கே இறங்கி காட்லி ஸ்பவுட் அருவியைப் பார்த்துவிட்டு வரலாம் என்ற ஆசை பலருக்கும் எழுகிறது. அருவியை ஒட்டிய இறக்கம் செங்குத்தானது, ஈரத்தில் வழுக்கும், முடியும் இடம் செட்பரிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள சாலை. கால்கள் மிகவும் சோர்ந்திருக்கும் நேரத்தில் மிகக் கடினமான தரை வருவது தவறான வரிசை. அதை அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

4. நாளையும் வானிலையையும் தேர்ந்தெடுங்கள்

மேலே சொன்ன 7 மணி நேரம் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை வசதியாக அடங்கும். அக்டோபர் இறுதியில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்வைத்த பிறகு, சூரியன் மாலை 4.40 அளவில் மறைகிறது. டிசம்பரில் 4 மணிக்கு முன்பே மறைந்துவிடும். முதல் நடைக்கு அந்த மாதங்கள் வேண்டாம்.

ஊருக்கான வானிலை அறிக்கையைப் பார்த்துவிட்டு மலைக்குப் போவது இரண்டாவது பொதுத் தவறு. மெட் ஆஃபிஸின் மலை வானிலை அறிக்கையையோ மவுண்டன் வெதர் இன்ஃபர்மேஷன் சர்வீஸின் அறிக்கையையோ பாருங்கள். இரண்டு நாள் முன்பு ஒருமுறை, முந்தைய மாலை மறுமுறை. அவற்றில் மூன்றைத் தேடுங்கள்.

முதலாவது காற்று. ஹவ்கில் முகடுகளில் மரமோ பாறையோ சுவரோ மறைவு தராது; மேற்கிலிருந்து வரும் காற்று தடையின்றி வீசும். உயரத்தில் மணிக்கு 30 மைல் என்றால் நடை களைப்பாக இருக்கும். 40 மைல் என்றால் நிலைதடுமாறும், அன்று போகாதீர்கள். இரண்டாவது மேகத்தின் அடிமட்டம். அது 600 மீட்டருக்குக் கீழே என்றால் உங்கள் நடையின் மேற்பகுதி முழுவதும் மூடுபனிக்குள் இருக்கும். மூன்றாவது வெப்பநிலை. செட்பர் தெருவுக்கும் உச்சிக்கும் இடையே 550 மீட்டர் உயர வேறுபாடு உண்டு. உச்சியில் நான்கைந்து டிகிரி குறைவாக இருக்கும், காற்றில் அதற்கும் கீழாக உணரப்படும்.

மழைத்தூறல் மட்டும் என்றால் போகலாம். காற்றும் மூடுபனியும் சேர்ந்து வருமென்றால் நாளை மாற்றுங்கள்.

5. பையில் வைக்க வேண்டியவை

மழைச் சட்டை, மழைக் காற்சட்டை, கூடுதல் கம்பளிச் சட்டை, தொப்பி, கையுறை ஆகியவை ஜூலையிலும் வேண்டும். இவை நடப்பதற்காக அல்ல, நிற்பதற்காக: கணுக்கால் சுளுக்கி ஒருவர் இரண்டு மணி நேரம் புல்வெளியில் உட்கார நேர்ந்தால் வியர்த்த உடல் எவ்வளவு விரைவாகக் குளிரும் என்பது நடந்துகொண்டிருக்கும் வரை தெரியாது. வரைபடம், திசைகாட்டி, தலைவிளக்கு, ஊதல், முதலுதவிப் பொருள்கள், முழு சார்ஜுடன் கைபேசி, கூடவே ஒரு பவர் பேங்க். பருத்தி உடைகளைத் தவிருங்கள்; நனைந்தால் காயாது, உடல் வெப்பத்தையும் உறிஞ்சிக்கொள்ளும்.

நீர் ஒன்றரை முதல் இரண்டு லிட்டர். உணவைப் பொறுத்தவரை, நம் வீட்டுப் புளியோதரை கெடாமலும் உப்போடும் இருப்பதால் மிகவும் ஏற்றது என்று தோன்றும். ஆனால் காற்றடிக்கும் முகட்டில் கையுறையைக் கழற்றி, ஆட்டுப் புழுக்கை ஒட்டிய வாயிற்கதவுகளைத் தொட்ட விரல்களால் பிசைந்து உண்பது நடைமுறைக்கு ஒத்துவராது. உருளைக்கிழங்கு வைத்துச் சுருட்டிய சப்பாத்தி, கடலை மிட்டாய், பேரீச்சம்பழம் போன்ற ஒரு கையால் பிடித்து உண்ணக்கூடியவை நல்லது. ஒரே வேளையாக நிறைய உண்ணாமல் ஒரு மணிக்கு ஒருமுறை கொஞ்சம் உண்ணுங்கள்; வயிறு நிறைந்த பின் ஏற்றம் கடினம்.

6. யாரிடமாவது எழுதிக் கொடுத்துவிட்டுப் புறப்படுங்கள்

செட்பருக்கு இன்று ரயில் இல்லை. பெரும்பாலோர் காரில்தான் வருவார்கள். பேருந்தில் வருபவர்கள் திரும்பும் பேருந்தின் நேரத்தை முதலில் உறுதி செய்துகொண்டு, அதிலிருந்து பின்னோக்கி நடையின் நேரத்தை அமைக்க வேண்டும்.

பாதை, கார் நிற்கும் இடம், திரும்பும் நேரம், எந்த நேரத்துக்குள் அழைப்பு வராவிட்டால் உதவி கோர வேண்டும் என்பதை வீட்டிலிருக்கும் ஒருவரிடம் எழுத்தாகக் கொடுங்கள். 'மலைக்குப் போகிறேன், மாலையில் வருவேன்' என்று சொல்லிச் சென்றால் தேடுபவருக்கு எதுவும் கிடைக்காது. இறங்கியவுடன் அவரிடம் தெரிவிப்பதும் இதில் அடங்கும்.

கைபேசியிலிருந்து ஆங்கிலத்தில் 'ரெஜிஸ்டர்' என்ற சொல்லை 999 என்னும் அவசர உதவி எண்ணுக்குக் குறுஞ்செய்தியாக அனுப்பி, வரும் பதிலின்படி பதிவு செய்துகொள்ளுங்கள். பேச முடியாத அளவு சிக்னல் பலவீனமாக இருக்கும் இடத்திலும் சில வேளை குறுஞ்செய்தி போய்விடும். ஆனால் முன்பே பதிவு செய்திருக்க வேண்டும்.

7. முதல் ஒன்றரை மணி நேரம்: விண்டர்

ஊரிலிருந்து ஹவ்கில் லேன் சாலையில் சென்று, லாக்பாங்க் பண்ணை வழியாகத் திறந்த மலைக்குள் நுழையும் வாயிற்கதவை அடைகிறோம். அங்கிருந்து புல்சரிவு நேராக மேலே எழுகிறது. மொத்த ஏற்றத்தில் ஏறக்குறைய பாதி இந்த முதல் மலையிலேயே முடிந்துவிடும் என்பதால், இங்கே வேகமாகச் செலவிட்ட ஆற்றல் பிறகு திரும்பக் கிடைக்காது.

வாயிற்கதவருகே ஒரு மேல்சட்டையைக் கழற்றிவிடுங்கள். சற்றே குளிர்வது போல் தொடங்கினால் பத்து நிமிடத்தில் சரியாகிவிடும். கதகதப்பாகத் தொடங்கினால் உள்சட்டை வியர்வையில் நனைந்து, முகட்டில் காற்றுப் பட்டதும் உடல் நடுங்கும். முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகத்தில் ஏறுங்கள். பேச்சு இரண்டிரண்டு சொற்களாக உடைந்தால் நிற்க வேண்டாம், அடியைச் சிறிதாக்குங்கள். வேகமாக ஏறி, நின்று, மீண்டும் வேகமாக ஏறுவதைவிட மெதுவாக நிற்காமல் ஏறுவது கால்களுக்குக் குறைந்த செலவு.

குழுவாகச் செல்வோரிடம் ஒரு தவறு தவறாமல் நடக்கிறது. முன்னே சென்றவர்கள் நின்று ஓய்வெடுக்கிறார்கள். கடைசி ஆள் வந்து சேர்ந்ததும் உடனே கிளம்புகிறார்கள். ஓய்வு மிகத் தேவைப்பட்டவருக்கு அது கிடைப்பதே இல்லை. கடைசியில் வருபவர் வந்து சேர்ந்த பிறகுதான் ஓய்வு நேரத்தை எண்ணத் தொடங்க வேண்டும். முடிந்தால் அவரையே முன்னே நடக்கவிடுங்கள்.

விண்டர் உச்சியில், நில அளவைக்காக எழுப்பிய அளவைத் தூண் இருக்கிறது. அங்கே கடிகாரத்தைப் பாருங்கள். திட்டமிட்ட 1 மணி 40 நிமிடத்தை ஒட்டி வந்திருந்தால் தொடருங்கள். இரண்டே கால் மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தால் ஆரண்ட் ஹா வரை மட்டும் சென்று திரும்புங்கள். அதுவும் ஒரு முழுமையான அரைநாள் நடைதான்.

8. முகட்டில்: வழி தெளிவாக இருக்கும்போதே பின்னால் திரும்பிப் பாருங்கள்

விண்டருக்குப் பின் பாதை சற்று இறங்கி, ஆரண்ட் ஹாவின் உச்சியைத் தொடாமல் அதன் சரிவைச் சுற்றிச் செல்கிறது. உச்சியைத் தொட விரும்புபவர்கள் திரும்பும் வழியில் கால்களின் நிலையைப் பார்த்து முடிவு செய்யலாம். அதன்பின் இரு உச்சிகளுக்கு இடையிலான தாழ்வான கழுத்துப் பகுதிக்கு இறங்கி, கம்பி வேலியை ஒட்டி கால்டர்ஸுக்கு ஏறுகிறோம். அங்கிருந்து தி காஃப் ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேல்; ஏற்றம் மிகக் குறைவு.

ஹவ்கில் மலைகளின் சிக்கல் அவற்றின் ஒரே மாதிரித் தோற்றம். கைவிரல்களைப் போல் பல முகடுகள் பல திசைகளில் பிரிகின்றன. எல்லாமே வழவழப்பான புல். வெயிலில் இது அழகு, மூடுபனியில் ஒரு முகடு தவறினால் காரிலிருந்து பல கிலோமீட்டர் தள்ளி வேறொரு பள்ளத்தாக்கில் இறங்கிவிடுவீர்கள். ஆகவே ஒவ்வொரு பிரிவிலும் நின்று, திரும்பும்போது அந்த இடம் எப்படித் தெரியும் என்பதைப் பின்னோக்கிப் பாருங்கள். முடிந்தால் ஒரு படமும் எடுங்கள். திசைகாட்டியில் வந்த திசையைக் குறித்துக்கொள்ளுங்கள். தி காஃபிலிருந்து திரும்பும்போது முதலில் தெற்கு, பிறகு தென்கிழக்கு எனக் கால்டர்ஸை அடைந்து, அங்கிருந்து தென்மேற்காகத் திரும்ப வேண்டும்.

கால்டர்ஸில் இந்தத் திருப்பம்தான் கவனம் வேண்டிய இடம். அங்கே கிழக்குப் பக்கம் நழுவிச் சென்றால் காட்லி க்ராக் என்னும் செங்குத்துப் பாறைவிளிம்பு இருக்கிறது. கண்ணுக்கு எதுவும் தெரியாத நிலையில், வந்த வழியிலிருந்த கம்பி வேலியைக் கண்டுபிடித்து அதன் துணையுடன் தென்மேற்கே இறங்குங்கள்.

முகட்டில் மேயும் குதிரைகளுக்கும் ஆடுகளுக்கும் உணவு தர வேண்டாம். நாய் கொண்டுவந்தால், மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை திறந்த மலைநிலத்தில் கயிற்றில் வைத்திருப்பது சட்டக் கட்டாயம். ஆட்டுக்குட்டிகளை நினைத்தால் மற்ற மாதங்களிலும் அதுவே முறை.

9. திரும்புதலும் இறக்கமும்

பிற்பகல் 1.15 ஆனதும் எங்கிருந்தாலும் திரும்புங்கள். உச்சி கண்ணுக்குத் தெரிகிறதே என்பதற்காக இந்த நேரத்தைத் தளர்த்துபவர்களே கடைசி ஒரு மணி நேரத்தில் துன்பப்படுகிறார்கள்.

இறக்கத்துக்கு முன் காலணிக் கயிற்றைப் பாதத்தின் மேல்பகுதியில் இறுக்கிக் கட்டுங்கள். தளர்வாக இருந்தால் பாதம் முன்னே வழுக்கி, விரல் நகங்கள் கறுத்துவிடும். ஊன்றுகோல்களைச் சற்று நீளமாக்கிக்கொள்ளுங்கள். முழங்காலை விறைப்பாக நீட்டாமல் லேசாக மடித்து, சிறு அடிகளாக இறங்குங்கள். விண்டரின் நேர்ச்சரிவு ஈரத்தில் வழுக்கும் என்பதால், இறங்கும்போது மேற்குப் பக்கமாகச் சென்று மலையடிச் சுவரோரமாக வாயிற்கதவுக்குத் திரும்பும் சாய்வான வழி எளிது. சறுக்கி விழுதல்கள் பெரும்பாலும் ஊர் தெரியத் தொடங்கிய பிறகே நிகழக் காண்கிறேன். கவனம் அங்கே கலைந்துவிடுகிறது. ஆகவே விண்டர் உச்சியில் பத்து நிமிடம் உட்கார்ந்து, எதையாவது உண்டு, பிறகு இறங்குங்கள்.

10. உதவி தேவைப்பட்டால்

999-ஐ அழைத்து, முதலில் காவல்துறையைக் கேட்டு, அவர்களிடம் மலை மீட்புக் குழு வேண்டும் என்று சொல்லுங்கள். இருக்கும் இடத்தை வரைபடக் கட்டக் குறியீட்டில் சொல்லப் பழகிக்கொள்ளுங்கள். தி காஃப் உச்சியின் குறியீடு எஸ்.டி. 667 970. இந்த ஆறு இலக்கங்கள் நூறு மீட்டர்ச் சதுரத்துக்குள் உங்களைக் காட்டிவிடும். சிக்னல் இல்லையென்றால் ஊதலை ஒரு நிமிடத்தில் ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மீண்டும் தொடருங்கள். இருட்டில் விளக்கையும் அதே கணக்கில் மின்னச் செய்யலாம். மூன்று ஊதல்கள் பதிலாகக் கேட்டாலும் அவர்கள் வந்து சேரும்வரை நிறுத்த வேண்டாம், ஒலியை வைத்தே தேடுவார்கள்.

11. அடுத்த சில நாள்கள்

அன்றிரவே உடலை, குறிப்பாக முழங்காலின் பின்புறத்தையும் தொடையிடுக்குகளையும், உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். உண்ணி லைம் நோயைப் பரப்பக்கூடியது. நுண்ணிடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுக்க வேண்டும். பின்வரும் வாரங்களில் கடித்த இடத்தைச் சுற்றி வட்டமாகச் சிவப்புப் பரவினால் மருத்துவரிடம் செல்லுங்கள்.

தொடை வலி மறுநாளைவிட இரண்டாம் நாள் அதிகமாக இருக்கும். அது இறக்கத்தின் விளைவு, தானே தணியும். மூட்டு வீங்கினாலோ ஒரே புள்ளியில் கூர்மையாக வலித்தாலோ அது வேறு விஷயம், காட்டிக்கொள்ள வேண்டும். காலணியை ஹீட்டரின் மேல் வைத்து உலர்த்தாதீர்கள். தோலும் பசையும் வெடிக்கும். உள்ளே செய்தித்தாளைத் திணித்து அறையின் இயல்பான காற்றில் உலரவிடுங்கள்.

இரண்டாவது நடைக்கான தேதியை அந்த வாரமே குறித்துவிடுங்கள். மூன்று வாரத்துக்கு மேல் தள்ள வேண்டாம். ஒருமுறை இறக்கத்தைத் தாங்கிய தசைகள் அடுத்த முறை குறைவாகவே வலிக்கும், ஆனால் அந்தப் பாதுகாப்பு சில வாரங்களே நீடிக்கும்.